நீங்க முதல்ல போங்க

பக்கத்து அறையில் சிரிப்பு வெடித்தது. ஒருவன் தரையை அறைந்து அறைந்து சிரித்தான். இன்னொருவனுக்குச் சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. அடுப்படியில் கொதிக்கிற தேநீருக்கு முன்னால் நின்றவன் காதை மட்டும் அந்த அறைக்கு அனுப்பி வைத்திருந்தான். அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கும், எங்கே தளரும், தளருகிற நேரம் பார்த்து எந்த வார்த்தையை எடுத்துப் போட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த மழைக்காலம் தொடங்கும் வரை அந்த வார்த்தையைப் போடுகிறவனே அவன்தான்.

இன்று யாரும் போடவில்லை. சிரிப்பு தானாக வற்றி ஓய்ந்தது.

"டேய் ஊமையா! டீ அடுப்புலதான் போடறியா, இல்ல தோட்டத்துக்குப் போய் இலை பறிச்சுட்டு இருக்கியா?"

குரல் பல்புவுடையது. மின்சார வேலை பார்ப்பவன். ஒரு வீட்டில் ஒரே ஒரு பல்பை மாற்றப் போய்த் தெரு முழுவதையும் இருட்டாக்கிவிட்டு வந்ததில் கிடைத்த பெயர்.

ஊமையன் அடுப்பைத் தணித்தான். அவனுக்கும் அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வாய் பேச முடியாதவன் அல்ல அவன், பேச வராதவன். மனதுக்குள் வார்த்தைகள் வரிசை கட்டி நிற்கும். தொண்டைக்குழி வரை ஓடி வரும். அங்கே யாரோ கதவைச் சாத்திவிட்டாற்போல நின்றுவிடும்.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நெட்டை வந்தான். நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்துதான் அவனால் எந்த அறைக்குள்ளும் வர முடியும். கண்ணாடிக் கடையில் ஊமையனுக்கு ஜோடி அவன். இந்த மேல்மாடி வீட்டின் வாடகையிலும் பாதி அவனுடையது.

"ஏண்டா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள வேகுற? வா மச்சான், ஜன்னலெல்லாம் தெறந்துதான் வெச்சிருக்கோம்."

"வாசனை" என்றான் ஊமையன்.

நெட்டை தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டான். கஞ்சாப் புகையின் அந்தக் கசந்த இனிப்பு அவன் மீதிருந்தும் வந்தது. முகம் சுருங்கியது. "சாரிடா. நாளைக்கு இந்த வீட்டுல ஒரு பொட்டு வாசனை இருக்காது. பாரு, நானே தொடைக்கிறேன். உன் மாமியார் வந்து மூக்கை நுழைச்சா சோப்பு வாசனைதான் அடிக்கணும்."

"மாமியார் இல்ல."

"இன்னும் இல்ல. நாளைக்குச் சாயங்காலம் ஆகிடுவாங்க." நெட்டை அவன் தோளில் கையைப் போட்டான். "ஆனா ஒண்ணுடா. உன்னைத் திட்டறேன்னு நெனைக்காதே. நீ பக்கத்துல இல்லாம உள்ள ஒரே போர். அந்தப் பல்பு சொன்ன ஜோக்கையே சொல்லிட்டு இருக்கான். நாங்களும் சிரிச்ச சிரிப்பையே சிரிச்சுட்டு இருக்கோம்."

அதில் அன்பு இருந்தது. அன்பு இருந்ததால்தான் வலித்தது.

*

அம்மாவைச் சின்ன வயதிலேயே தின்றுவிட்டான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு அவனுடையது. அப்பா கொத்தனார். வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தான். அண்ணனும் அண்ணியும் காலையில் ஆரம்பிக்கும் சண்டை, இரவு விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் தொடரும். அந்தச் சத்தத்தின் நடுவே ஒரு பையன் வாயைத் திறந்தால், சண்டை திசை மாறி அவன் மீது பாயும். திறக்காமல் இருக்கப் பழகினான். பழகியது எலும்பில் இறங்கிவிட்டது. "உங்க தம்பி நாக்கை எங்கயாவது அடகு வெச்சிருக்கீங்களா?" என்று விருந்தாளிகள் முன்னால் அண்ணி கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், சத்தமில்லாமல்.

கண்ணாடிக் கடைக்கு வந்தபோது அதுவே பெரிய தொல்லையானது. பெரிய பலகைக் கண்ணாடியை இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். முன்னால் போகிறவன் பின்பக்கமாக நடப்பான். அவனுக்கு வழி தெரியாது. பின்னால் வருகிறவன்தான் அவனுக்குக் கண். "படி", "திருப்பம்", "நில்லு" என்று விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பின்னால் நிற்கிறவன் வாயை மூடினால், முன்னால் நடக்கிறவன் குருடன். நெட்டையின் முழங்காலில் ஊமையனின் மௌனம் போட்ட தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

அப்போதுதான் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து கடை மொட்டைமாடியில் பல்புவும் நெட்டையும் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சுருட்டினார்கள். ஒரு சுற்று அவன் கைக்கும் வந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கும் பேசத்தானே வேண்டும்? வாங்கி இழுத்தான்.

இருமினான். கண்ணில் நீர் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ வந்து அந்தத் தொண்டைக் கதவின் தாழ்ப்பாளை மெல்ல நீக்கினார்கள். எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து அவன் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"டேய், இவன் பேசறான்டா!"

அன்றைக்குத்தான் அவனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். பிறந்ததிலிருந்து ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவனை வாசல் வழியாக உள்ளே அழைத்து, நடுவில் உட்கார வைத்தார்கள். விட முடியுமா? நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்களா?

அதன் பிறகு சாயங்காலம் தவறாமல் புகை, புகை தவறாமல் பேச்சு. சில நாள் மதியத்திலும். கண்ணாடி தூக்கும்போது பஸ் கண்டக்டர் மாதிரி, "படி வருது, படி வருது, பார்த்து எறங்கு மாப்ள, பின்னாடி நிறைய இடம் இருக்கு" என்று பாடிக்கொண்டே வருவான். வேலைக்குப் போகிற வீடுகளில் அவனைத் தேடிக் கேட்டார்கள். ஆனால் ஜன்னலுக்கு எடுத்த அளவு, மாடிப்படி இறங்குவதற்குள் மனதிலிருந்து வழிந்துவிடும். குறைத்து வெட்டிய கண்ணாடியை இழுத்தா நீட்ட முடியும்? முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். காலையில் எழுந்தால் மண்டைக்குள் ஈரச் சாக்கை அடைத்து வைத்தது போல இருக்கும். அதையெல்லாம் யார் கணக்கில் எடுத்தார்கள்? சாயங்காலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

*

அவளைப் பார்த்ததும் அப்படி ஒரு மதியத்தில்தான்.

ஒரு துணிக்கடையின் பின்பக்கம், தைத்த உடையை இடுப்பில் பிடித்து, நீளம் குறைத்துக் கொடுக்கிற சின்ன அறை. அதற்குள் ஆளுயரக் கண்ணாடி மாட்டப் போயிருந்தார்கள். நான்கைந்து பெண்கள் மெஷினில் குனிந்திருந்தார்கள். ஓரத்தில் ஒருத்தி உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். கடையில் அவளுக்குக் 'குண்டூசி' என்றே பெயர். வாயில் ஊசி இருக்கும் வரை அவளும் ஊமைதான்; யார் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில்.

திருகாணி முடுக்கிக்கொண்டே ஊமையன் அன்று ஒரு கதை சொன்னான். கண்ணாடி தூக்கிப் போன ஒரு மாடிப்படியில், ஒரு பெரியவரோடு நடந்த கூத்து. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கதை முடிகிற இடத்தில் குண்டூசி வாய்விட்டுச் சிரித்தாள். ஊசிகள் தரையெல்லாம் சிதறின. அவனும் அவளும் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள்.

அப்புறம் என்ன? தொலைபேசியில் பேச்சு. சாயங்காலப் புகைக்குப் பிறகுதான் அவன் கூப்பிடுவான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள். மாதங்கள் ஓடின. ஒரு நாள் வேலைக்கு நடுவில், முன்னறிவிப்பில்லாமல் கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். புகை ஏறாத வெறும் மனிதனாக இருந்த அவனைப் பார்த்தாள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அப்புறம் நெட்டையிடம் கேட்டாள். நெட்டைக்குப் பொய் சொல்ல வராது.

அவள் கத்தவில்லை. கடைக்கு எதிரே இருந்த பூங்காப் பெஞ்சில் அவனை உட்கார வைத்துச் சொன்னாள்.

"எங்கப்பா குடிச்சா என்னைத் தோள்ல தூக்கி வெச்சுப் பாடுவாரு. தெருவே வேடிக்கை பார்க்கும். தெளிஞ்சா நான் யாருன்னே தெரியாத மாதிரி தாண்டிப் போவாரு. செத்துப் போற வரைக்கும் அப்படித்தான். ரெண்டு பேர்ல யாரு என் அப்பான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல. எனக்கு ரெண்டு ஆள் வேண்டாம். ஒரே ஆள் போதும். பேசாதவனா இருந்தாலும் பரவாயில்ல. ஒரே ஆள்."

அவன் தலையாட்டினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தலையாட்டினான். அதுதான் அவன் செய்த சத்தியம்.

விட்டான். பொய்யில்லை, மழைக்காலம் தொடங்கிய அந்த வாரமே உண்மையாக விட்டான். ராத்திரி தூக்கம் போயிற்று. படுக்கை வியர்வையில் நனைந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. ஒன்றுமில்லாத காரணத்துக்கெல்லாம் கோபம் பொங்கியது. அதையெல்லாம் பல்லைக் கடித்துத் தாண்டினான். தாண்ட முடியாதது வேறு ஒன்று. தாழ்ப்பாள் மறுபடி விழுந்துவிட்டது.

வேலையில் நெட்டை கத்தினான்: "பின்னாடி இருக்கியா, இல்ல வீட்டுக்குப் போயிட்டியாடா? வாயைத் தெற!" சாயங்காலம் நண்பர்கள் வட்டத்தில் உட்கார்ந்தால், அவர்கள் சிரிப்பது எதற்கென்றே புரியவில்லை. அவர்களும் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள், ஏதோ சாவு வீட்டில் சிரித்துவிட்டது போல. மெல்ல மெல்ல அவன் இடம் அடுப்படிக்கு நகர்ந்தது.

பெஞ்சில் ஒரு நாள் குண்டூசி கேட்டாள். "அந்த மாடிப்படிக் கதையை இன்னொரு தடவை சொல்லேன்."

அவன் முயன்றான். "ஒரு பெரியவர்... படியில வந்தார். கண்ணாடியில பார்த்தார். வேற ஆள்னு நெனச்சுட்டார்."

அவ்வளவுதான் வந்தது. அவள் ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு சிரித்தாள். "பரவாயில்ல" என்றாள்.

அந்தப் 'பரவாயில்ல' அவன் நெஞ்சில் குண்டூசியாகக் குத்தி நின்றது. அவள் அதை மனதாரச் சொன்னாள் என்று அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது?

*

அந்தச் சனிக்கிழமை, தேநீர் குடித்து முடித்ததும் நண்பர்கள் வீட்டைச் சுத்தம் செய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெற்ற தாய்கூட அப்படிச் செய்வாளோ என்னவோ. சாம்பல் கிண்ணங்கள் குப்பைக்குப் போயின. பாயைச் சுருட்டி மாடிக்கு எடுத்துப்போய் உதறினார்கள். ஒரு சுவர் முழுக்க நெட்டை ஒட்டி வைத்திருந்த உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஈரக் காகிதத்தால் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். நாளை முழுவதும் பல்புவின் அறையிலேயே இருந்துகொள்வதாக நெட்டை சொன்னான்.

கிளம்பும்போது பல்பு ஊமையனை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனான். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பல்பு அட்டைப்பெட்டியை எடுத்து, அலமாரியில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான். சுருட்டித் தயாரா இருக்கு. பத்த வெக்கணும்னு கட்டாயம் இல்ல. அங்க இருக்குன்னு தெரிஞ்சாலே தைரியமா இருக்கும்ல? அந்தம்மா கேள்வி மேல கேள்வி கேட்டா நீ மரம் மாதிரி நிப்ப, மச்சான். எனக்கு நெனச்சாலே பகீர்ங்குது."

எடுத்துக்கொண்டு போ. ஊமையனின் மனதில் இந்த வார்த்தைகள் முழுசாக இருந்தன. தொண்டைக்குழி வரை வந்தன. ஐயோ, அன்று அவை மட்டும் வெளியே வந்திருந்தால்! பல்பு அவன் முகத்தைப் பார்த்தான். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கன்னத்தில் தட்டிவிட்டுப் போய்விட்டான். துரோகி அல்ல அவன். தனக்குத் தெரிந்த ஒரே மருந்தை நண்பனுக்கு வைத்துவிட்டுப் போனான்.

*

மறுநாள் மதியம் மழை விட்டிருந்தது. படியேறி வந்த களைப்பில் குண்டூசியின் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். சின்ன உருவம், பெரிய குரல்.

"தம்பி, ஏன் நிக்கிறீங்க? வண்டியா வரப்போகுது? உக்காருங்க" என்றாள், தான் உட்காரும் முன்பே.

அவன் உட்கார்ந்தான். குண்டூசி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீல நிறத்தில் புது உடை. விளிம்பை அவளே மடித்துத் தைத்திருந்தாள்.

"நாமெல்லாம் ஒரே ஜாதி தம்பி. நான் நாள் பூரா கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பொழைக்கிறேன். நீங்க அந்தக் கண்ணாடியை மாட்டிப் பொழைக்கிறீங்க. அந்தக் கடையில ரொம்ப நாளா வேலையா?"

"ஆமா."

"அண்ணன் வீடு தூரமா?"

"ஆமா."

"வர்றது போறது உண்டா?"

"இல்ல."

அம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்தாளோ என்னவோ. வரவில்லை. மின்விசிறி கிரீச்சிட்டது. சுவரில் இருந்த கண்ணாடித் துண்டுகளை அவள் பார்த்தாள். ஒன்றில் அவள் காது, ஒன்றில் அவள் மூக்குத்தி, ஒன்றில் பாதிச் சிரிப்பு. குண்டூசி அவனைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள். சரி, ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அதற்கு அர்த்தம். அவனுக்கோ அவள் பரிதாபப்படுவதாகப் பட்டது. காது மடல் எரிந்தது. 

"டீ" என்றான். எழுந்து அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

அடுப்பை மூட்டினான். பக்கத்து அறையில் அம்மாவின் குரல் தணிந்து ஏதோ கேட்டது. மகளின் குரல் இன்னும் தணிந்து ஏதோ சொன்னது. வார்த்தைகள் பிடிபடவில்லை. என்னைத்தான் எடை போடுகிறார்கள் என்று நினைத்தான். இந்த மரத்தையா கட்டிக்கப் போற என்று கேட்கிறாள். அவள் என்ன சொல்வாள், பாவம்? பரவாயில்ல என்பாள்.

தீப்பெட்டியைத் திரும்ப வைக்கப் போன கை, அட்டைப்பெட்டியில் போய் நின்றது.

அடுப்படிக்குப் பின்னால், தண்ணீர் டிரம்மும் துடைப்பமும் இருக்கிற சின்னப் பால்கனியில் நின்று இழுத்தான். சுருட்டில் பாதிகூட ஆகவில்லை. எத்தனையோ நாள் கழித்து என்பதால் நேராக உச்சிக்கு ஏறியது. மீதியைத் தண்ணீரில் அமுக்கினான். முகம் கழுவினான். வாய் கொப்பளித்தான். பல்பசையை விரலில் எடுத்து நாக்கில் தேய்த்தான். தேநீர் பொங்கி வழிந்த சத்தம் கேட்டு உள்ளே ஓடினான்.

தட்டோடு அறைக்குள் வந்தபோது தாழ்ப்பாள் நீங்கிவிட்டிருந்தது.

"மன்னிக்கணும்மா, லேட்டாயிடுச்சு. இந்த அடுப்பு எங்க முதலாளி மாதிரி. நாம பக்கத்துல நின்னா வேலை செய்யாது, முதுகைக் காட்டினா பொங்கிடும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் அவனுக்கு. உட்கார்ந்தான். பேசினான். கடை முதலாளியைப் போல நடந்து காட்டினான். நெட்டை நிலையில் முட்டிக்கொள்வதைச் செய்து காட்டினான். அம்மா, "ஐயோ போதும் தம்பி, டீ புரையேறுது" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். போதுமா? அவனுடைய ஆகச் சிறந்த கதை இன்னும் பாக்கி இருக்கிறதே!

"இதைக் கேளுங்கம்மா. ஒரு நாள் ஆளுயரக் கண்ணாடி. நானும் நெட்டையும் தூக்கிட்டு மாடி ஏறறோம். லைட் சரியா இல்லாத படிக்கட்டு. மூச்சு வாங்குது. திருப்பத்துல கண்ணாடியை நிமித்தி வெச்சு, பின்னாடி ரெண்டு பேரும் பிடிச்சுட்டு நிக்கிறோம். கீழயிருந்து ஒரு பெரியவர் வர்றார். மேல பார்க்கறார். எதிர்ல இன்னொரு பெரியவர்! இவர் வலப்பக்கம் ஒதுங்கறார். அவரும் அதே பக்கம் ஒதுங்கறார். சரின்னு இந்தப் பக்கம் வர்றார். அவரும் இந்தப் பக்கம். 'யோவ், ஒரு பக்கமா போய்யா!' அவரும் வாயை அசைக்கறார், சத்தம் வரல. இவருக்குக் கோவம். மொறைக்கறார். அவரும் மொறைக்கறார். அப்புறம் நல்லா உத்துப் பார்த்துட்டு, மனசு எளகிப் போச்சு. 'பாவம், என்னை விட வயசான மனுஷன். மூச்சு வேற வாங்குது'ன்னு கைகூப்பி, 'சரிங்க, நீங்க முதல்ல போங்க'ன்னார். நான் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்து சொன்னேன்: 'நன்றிங்க!'"

அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

உண்மையில் அன்று நன்றி சொன்ன குரல் நெட்டையுடையது. ஊமையன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுகூட விடாமல்தான் நின்றான். கதையில் மட்டும் அந்தக் குரல் அவனுடையதாகிவிட்டது.

அப்போதுதான் அவன் குண்டூசியைப் பார்த்தான். அவள் முன்னால் தேநீர் ஆடை கட்டியிருந்தது. அவள் சிரிக்கவில்லை. உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள், ஊசிகளைக் கவ்வியிருப்பவள் போல.

"நல்லா சொன்னே" என்றாள் மெதுவாக. "அன்னிக்கு எங்க கடையில சொன்ன மாதிரியே. ஒரு வார்த்தை மாறல."

அவிழ்ந்த நாக்கு சும்மா இருக்குமா? "கண்ணாடி ஆச்சே மேடம், அப்படியேதான் காட்டும்!" என்றது.

அம்மா மறுபடி சிரித்தாள். மகளின் தொடையில் செல்லமாகத் தட்டினாள். "ஏண்டி, இவரையா பேசவே மாட்டார், இடிச்சபுளி மாதிரி உக்காந்திருப்பார், நீ தப்பா எடுத்துக்காதேன்னு வழி பூரா சொல்லிட்டு வந்தே? இப்பக்கூட, இவர் டீ போடப் போனப்ப, 'பார்த்தியாம்மா, இதான் அவரு, எனக்கு இது போதும்'னு சொல்லி எனக்கே கண்ணு கலங்க வெச்சுட்டா தம்பி! கள்ளி!"

குண்டூசி ஆடை கட்டிய தேநீரைத் தள்ளி வைத்தாள்.

ஊமையனின் வாயில் அடுத்த நகைச்சுவை தயாராக இருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. இதான் அவரு, எனக்கு இது போதும். அந்தத் தணிந்த குரல் சொன்னது இதையா? கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் நின்று அவன் கேட்காமல் விட்டது இதையா?

"அம்மா" என்றாள் குண்டூசி. "அப்பா பாடுவாரே. அந்த நாள்ல எல்லாம் வீடு எப்படி இருக்கும், ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?"

"நீகூட இப்படித்தான் சிரிப்ப. கைக்குட்டையை வாயில வெச்சுக்கிட்டு."

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். நாளெல்லாம் கண்ணாடி வழியாக முகங்களைப் பார்க்கிறவள். அவன் கண்களின் ஓரச் சிவப்பையும், தேவைக்கு மேல் மின்னிய பார்வையையும் இப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். கைக்குட்டையை மடித்தாள். தேநீர்க் கோப்பையைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள்.

"எனக்கு இவரைப் பிடிச்சுத்தான் போச்சு" என்றாள், யாரையும் பார்க்காமல். "அதான் பயமா இருக்கு. உங்கப்பாவையும் எனக்குப் பிடிச்சுத்தானே போச்சு."

"இன்னிக்கு மட்டும்தான்" என்றான் ஊமையன். குரல் உடைந்தது. "சத்தியமா. அம்மா வர்றாங்களேன்னு. நான் உனக்காக..."

"தெரியும்." அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை. "எனக்காகத்தான். இன்னிக்கு மட்டும்தான். நம்ம கல்யாணத்துக்கும் நாலு பேர் வருவாங்க. அன்னிக்கு மட்டும். கொழந்தை பொறந்தா பார்க்க வருவாங்க, அன்னிக்கு மட்டும். உன்னைப் பேச வெக்கறதுக்கு ஒவ்வொரு நல்ல நாளும் அது வேணும். எனக்கு நல்ல நாளே வேண்டாம்னு ஆயிடும்."

"நான் பேச மாட்டேன். இனிமே பேசவே..."

"அதையும் நல்லாத்தான் பேசற" என்றாள் அவள். எழுந்தாள்.

அம்மா முதலில் வெளியே போய்ப் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசல் குறுகலானது. குண்டூசிக்கு வழிவிட ஊமையன் ஒரு பக்கம் ஒதுங்கினான். அவளும் அதே பக்கம் வந்தாள். இந்தப் பக்கம் வந்தான். அவளும் இந்தப் பக்கம் வந்தாள். இருவரும் நின்றார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வீடு சிரிப்பில் அதிர்ந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். அவளுடைய புது உடையின் விளிம்பு அவன் காலை உரசிக்கொண்டு போயிற்று.

வெளியிலிருந்து அவள்தான் கதவை இழுத்தாள். அடித்துச் சாத்தவில்லை. தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டுக் கதவை மூடுவது போல மூடினாள்.

படியில் இரண்டு ஜோடிக் காலடிகள் இறங்கின. திருப்பத்தில் ஒரு கணம் நின்றன. மறுபடி இறங்கின.

"போகாதே" என்றான் ஊமையன், மூடிய கதவைப் பார்த்து, தெளிவாக.